பங்கு வர்த்தக வரி: சண்டை விகிதத்தைப் பற்றி, சிக்கல் வேறிடத்தில்

கேள்வி இதுதான்: 2026 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதியில் குறித்த விலைக்கு வாங்கி விற்கும் ஒப்பந்தம்), ஆப்ஷன்ஸ் (அப்படி வாங்கவோ விற்கவோ உரிமை மட்டும் தரும் ஒப்பந்தம்) மீதான பங்குப் பரிவர்த்தனை வரியை, அதாவது எஸ்டிடியை, உயர்த்தினார். அன்றைக்கே சென்செக்ஸ் 1,500 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. சூதாட்டத்தைக் குறைக்கத்தான் என்கிறது அரசு. கஜானாவை நிரப்பத்தான் என்கிறார்கள் தரகர்கள். யார் சொல்வது சரி? 2004இல் இந்த வரி வந்தபோது நடந்த சண்டையும் இதுதானா? சாதாரண முதலீட்டாளருக்கு இதில் எவ்வளவு போகும்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். பங்கை வாங்கி டீமேட்டில் போட்டு வருஷக்கணக்கில் வைத்திருப்பவருக்கு இந்த உயர்வால் நேரடியாக ஒரு பைசாகூடச் செலவு கூடவில்லை. ஃபியூச்சர்ஸில் தினமும் வாங்கி விற்பவருக்குக் கணக்கே மாறிப்போகிற அளவுக்கு அடி. ஆப்ஷன்ஸில் விளையாடுகிறவருக்குக் கீறல்தான். அதிகம் பேர் பணத்தை இழப்பது ஆப்ஷன்ஸில். அங்கே கீறல் மட்டும் விழுந்திருக்கிறது என்பதுதான் என் புகார். அது எப்படி வந்தது என்று புரிய 2004இலிருந்து பார்க்க வேண்டும்.

2004 ஜூலை 8. மன்மோகன் சிங் அரசின் முதல் பட்ஜெட். நிதியமைச்சர் ப. சிதம்பரம் ஒரு கொடுக்கல் வாங்கலை முன்வைத்தார். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து பங்கை விற்றால் லாபத்துக்கு வரியே இல்லை. ஓராண்டுக்குள் விற்றால் 10% மட்டும். அதற்கு ஈடாக, சந்தையில் நடக்கும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வாங்குபவர் 0.15% கட்ட வேண்டும். லட்ச ரூபாய்க்கு 150 ரூபாய்.

இதற்குக் காரணம் இருந்தது. லாபத்தின் மீதான வரியை வசூலிப்பது பெரும்பாடு. எந்தத் தேதியில் வாங்கினார், என்ன விலை, எந்த நட்டத்தோடு கழித்தார் என்று ஒவ்வொன்றாகத் துருவ வேண்டும். மொரீஷியஸ் வழியாக வந்த வெளிநாட்டு நிதிகளோ, இரு நாட்டு வரி ஒப்பந்தத்தைக் காட்டி இங்கே மூலதன ஆதாய வரியே கட்டாமல் போய்க்கொண்டிருந்தன (அந்த ஒப்பந்தம் 2016இல்தான் திருத்தப்பட்டது). எஸ்டிடியில் இந்தத் தப்பித்தல் எதுவும் நடக்காது. ஆர்டர் பொருந்தியதுமே வரி உறுதியாகிவிடுகிறது. எக்ஸ்சேஞ்ச் கணக்கிட்டு, தரகர் மூலம் பிடித்து, அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் மத்திய அரசின் கணக்கில் கட்டிவிடும். யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. வரி வசூல் என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால் இது நல்ல யோசனை, சந்தேகமே வேண்டாம்.

எதிர்ப்பு கிளம்பியது ஜாபர்களிடமிருந்தும் கடன்பத்திர டீலர்களிடமிருந்தும். ஜாபர் என்பவர் லட்ச ரூபாய்க்குப் பங்கை வாங்கி, சில நிமிஷத்தில் ஐம்பது அறுபது ரூபாய் மிஞ்சினால் போதும் என்று தள்ளிவிடுபவர். அவர் 150 ரூபாய் கட்ட வேண்டும் என்றால் கடையைச் சாத்த வேண்டியதுதான். அவர் போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளியை ஒடுக்கி வைத்திருப்பது இவர்களைப் போன்றவர்கள்தான். கடன்பத்திரச் சந்தையில் கணக்கு இன்னும் மோசம். அரசுப் பத்திரங்கள் ஐந்து கோடி, பத்துக் கோடி என்று கைமாறும். ஐந்து கோடியில் 0.15% என்றால் 75,000 ரூபாய். அந்தச் சந்தையில் நூறு ரூபாய்க்கு ஒரு பைசா விலை நகர்ந்தால் ஐந்து கோடிக்கு 5,000 ரூபாய். ஒன்றிரண்டு பைசா வித்தியாசத்தில் பிழைக்கும் டீலரிடம் பதினைந்து பைசா கேட்டால் அவர் வியாபாரத்தையே நிறுத்திவிடுவார். அரசு கடன் வாங்குவதே அந்தச் சந்தையில்தான். அது உறைந்தால் அரசுக்கே வட்டி கூடும்.

இரண்டு வாரம் கூட ஆகவில்லை, ஜூலை 21 அன்று சிதம்பரம் திருத்தம் அறிவித்தார். டெலிவரிக்கு, அதாவது பங்கை வாங்கித் தன் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வர்த்தகத்துக்கு, அதே 0.15%, ஆனால் வாங்குபவரும் விற்பவரும் ஆளுக்குப் பாதி. அன்றைக்கே வாங்கி விற்றால் 0.015%. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸுக்கு 0.01%. கடன்பத்திரங்களுக்கு முழு விலக்கு. இப்படித்தான் 2004 அக்டோபர் 1 முதல் வரி அமலுக்கு வந்தது. அரசு பணிந்துவிட்டது என்று அன்று விமர்சித்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்தத் திருத்தம் சரி. ஒரே விகிதத்தை எல்லாப் பரிவர்த்தனைக்கும் விதிப்பது, கிலோவுக்கு இவ்வளவு என்று உப்புக்கும் தங்கத்துக்கும் ஒரே வரி போடுவது மாதிரி.

அதற்குப் பிறகு விகிதம் ஏறி இறங்கியது. 2005, 2006 இரண்டு பட்ஜெட்டிலும் ஏற்றினார்கள். டெலிவரி இரு பக்கமும் 0.125% வரை போனது. 2012இல் அது 0.1% ஆக இறங்கி, இன்றுவரை அங்கேயே நிற்கிறது. 2013இல் ஃபியூச்சர்ஸ் 0.017%லிருந்து 0.01% ஆனது. 2023இல் 0.0125%, 2024 அக்டோபரில் 0.02%, 2026 ஏப்ரல் 1 முதல் 0.05%. காங்கிரஸ் அரசும் ஏற்றியது, பாஜக அரசும் ஏற்றியது. இதில் கட்சி வித்தியாசம் தேடுவது வீண்.

தரகர்களின் மனக்குறையில் நியாயம் இருக்கிற இடம் வேறு. 2004இல் சொன்ன ஈடு படிப்படியாகக் காணாமல் போனது. முதலில் வர்த்தகத்தையே தொழிலாகச் செய்பவர்களுக்கு, கட்டிய எஸ்டிடியை வருமான வரியில் ரூபாய்க்கு ரூபாய் கழித்துக்கொள்ளும் சலுகை இருந்தது. 2008இல் அதை எடுத்துவிட்டு, தொழில் செலவாக மட்டும் காட்டலாம் என்றார்கள். 100 ரூபாய் எஸ்டிடி கட்டினால் முன்பு 100 ரூபாய் வரி குறைந்தது. அதன் பிறகு 30% வரம்பில் இருப்பவருக்கு 30 ரூபாய்தான் குறைகிறது. அடுத்து 2018 பட்ஜெட். நீண்டகால ஆதாயத்துக்கு 1 லட்சத்துக்கு மேல் 10% வரியை அருண் ஜேட்லி மீண்டும் கொண்டுவந்தார். வரிவிலக்கு பெற்ற ஆதாயமாகக் கணக்கில் காட்டப்பட்ட தொகை ஓராண்டில் மட்டும் 3.67 லட்சம் கோடி என்பது அவர் சொன்ன காரணம். அந்த வாதத்தில் தவறில்லை. ஆனால் அந்த வரிக்குப் பதிலாக வந்த எஸ்டிடியை அவர் எடுக்கவில்லை. 2024 ஜூலையில் நீண்டகால வரி 12.5%, குறுகியகால வரி 20% என்று உயர்ந்தன. எஸ்டிடி அப்போதும் கூடவே ஏறியது. மும்பை பங்குச் சந்தையில் 2024 மே மாதம் நடந்த கூட்டத்தில் ஒரு தரகர் நிதியமைச்சரிடம், முதலும் ரிஸ்க்கும் ஆட்களும் என்னுடையவை, அரசு மட்டும் உழைக்காத பங்குதாரராக லாபத்தை எடுத்துக்கொள்கிறது என்று கேட்ட வீடியோ பரவியது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தாலும் அவர் சொன்னது இந்தப் பழைய கணக்கைத்தான்.

இனி முக்கியமான இடம். வரி எத்தனை சதவீதம் என்று எல்லோரும் பார்க்கிறோம். எந்தத் தொகையின் மேல் அந்தச் சதவீதம் என்பதை மசோதாவின் உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். ஆப்ஷன்ஸ் கதையே அங்கேதான் திரும்பியது.

2008க்கு முன் ஆப்ஷன் விற்றால் ஸ்ட்ரைக் விலையையும் (ஒப்பந்தத்தில் குறித்த விலை) பிரீமியத்தையும் (அந்த உரிமைக்கு வாங்குபவர் தரும் விலை) கூட்டி, அதன் மேல் எஸ்டிடி. நிஃப்டி ஆப்ஷனின் ஸ்ட்ரைக் 5,000, லாட் (ஒரு ஒப்பந்தத்தின் அளவு) 50, பிரீமியம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,100ஐ 50ஆல் பெருக்கினால் 2,55,000. அதில் 0.017% என்றால் 43 ரூபாய் 35 பைசா. 2008இல் இனி பிரீமியத்தின் மேல் மட்டும் வரி என்று மாற்றினார்கள். பிரீமியம் 5,000 ரூபாய், வரி 85 பைசா. விகிதம் அதே 0.017%. செலவு ஐம்பதில் ஒரு பங்கு ஆகிவிட்டது. ஃபியூச்சர்ஸுக்கு மட்டும் முழு ஒப்பந்த மதிப்பின் மேல் வரி தொடர்ந்தது. அதன் பிறகு இண்டெக்ஸ் ஆப்ஷன்ஸ் வர்த்தகம் பெருகிய வேகத்துக்கு வாராந்திர எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் நாள்), மொபைல் ஆப், மலிவான தரகு என்று பல காரணங்கள் உண்டு. ஆனாலும், ஒரே பந்தயத்தை இரண்டு வாசல் வழியாகக் கட்டலாம், ஒரு வாசலில் கட்டணம் ஐம்பதில் ஒரு பங்கு என்றால் கூட்டம் எந்த வாசலுக்குப் போகும்?

இதே விஷயத்தின் இன்னொரு முகம், 2019 வரை பலரை வீழ்த்திய எக்ஸ்பைரி பொறி. ஆப்ஷன் லாபத்தில் முடிந்து தானாக செட்டில் ஆனால், வாங்கியவர் 0.125% எஸ்டிடி கட்ட வேண்டும், அதுவும் முழு ஒப்பந்த மதிப்பின் மேல். நிஃப்டி 10,002இல் முடிகிறது, கையில் 10,000 ஸ்ட்ரைக் கொண்ட கால் ஆப்ஷன் (வாங்கும் உரிமை), லாட் 75. கிடைப்பது இரண்டு புள்ளி, 150 ரூபாய். எஸ்டிடியோ 7,50,150 ரூபாய்க்கு 0.125%, ஏறத்தாழ 938 ரூபாய். 150 ரூபாய் ஜெயித்ததற்கு 938 ரூபாய் வரி. விஷயம் தெரிந்தவர்கள் எக்ஸ்பைரி அன்று மூன்றரை மணிக்குள் அடிமாட்டு விலைக்காவது விற்றுத் தள்ளினார்கள். தெரியாதவர்கள் மறுநாள் கான்ட்ராக்ட் நோட்டை (தரகர் அனுப்பும் வர்த்தகக் கணக்கு) பார்த்து அதிர்ந்தார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் ஸ்ட்ரைக்குக்கும் முடிவு விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் மட்டும் என்று மாற்றியபின் அதே 938 ரூபாய் 19 பைசாவாக இறங்கியது. விகிதத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை.

இப்போது 2026 கணக்கு. நிஃப்டி 25,000, லாட் 65 என்று எடுத்துக்கொள்வோம். ஒரு லாட்டின் மதிப்பு 16,25,000 ரூபாய்.

ஃபியூச்சர்ஸ் விற்றால் பழைய 0.02%இல் 325 ரூபாய், புதிய 0.05%இல் 812 ரூபாய் 50 பைசா. புள்ளியாகச் சொன்னால் முன்பு 5, இப்போது பன்னிரண்டரை. எஸ்டிடிக்கு மட்டுமே நிஃப்டி பன்னிரண்டரைப் புள்ளி நமக்குச் சாதகமாக நகர வேண்டும். தரகு, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஸ்டாம்ப் டியூட்டி எல்லாம் அதற்கு மேல். மூன்று நான்கு புள்ளிக்கு உள்ளே போய் வெளியே வருகிறவருக்கு இனி அந்தத் தொழில் இல்லை.

அதே லாட்டில் 100 ரூபாய் பிரீமியத்துக்கு ஆப்ஷன் விற்றால், 6,500 ரூபாய்க்கு 0.15%: 9 ரூபாய் 75 பைசா. முன்பு 6 ரூபாய் 50 பைசா. எக்ஸ்பைரி நாள் மதியம் இரண்டு ரூபாய்க்கு விற்கும் ஆப்ஷனை எடுத்துக்கொண்டால் பிரீமியம் 130 ரூபாய், எஸ்டிடி 20 பைசாகூட வராது. லாட்டரிச் சீட்டு போல ஓடுவது இந்த இரண்டு ரூபாய் ஆப்ஷன்தான். இதை வாங்கி, காலாவதியாகிப் பூஜ்யமானால் வாங்கியவருக்கு எஸ்டிடி கிடையாது, ஏனென்றால் பிரீமியத்தின் மேல் வரி விற்கிறவருக்கு மட்டும்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி 2024-25இல் எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் 91% பேர் நட்டமடைந்தார்கள். மொத்த நிகர நட்டம் 1,05,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இது சம்பளத்திலிருந்தும் நகைக்கடனிலிருந்தும் போன பணம். இதைத் தடுக்க வேண்டும் என்று அரசு சொன்னால் நான் முழு மனதோடு ஒப்புக்கொள்வேன். ஆனால் பத்துப் புள்ளி எதிராகப் போனாலே பயந்து வெளியேறுகிற ஃபியூச்சர்ஸ்காரரிடம் 487 ரூபாய் கூடுதலாகவும், எக்ஸ்பைரி நாள் பந்தயக்காரரிடம் சில பைசா கூடுதலாகவும் வாங்குவது எந்த வகைத் தடுப்பு?

கஜானா பக்கமும் பாருங்கள். 2025-26 பட்ஜெட்டில் எஸ்டிடி மூலம் 78,000 கோடி வரும் என்று மதிப்பிட்டார்கள். 2024 அக்டோபரிலேயே செபி ஒப்பந்த மதிப்பைக் குறைந்தது 15 லட்சமாக்கி, ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரே ஒரு வாராந்திர எக்ஸ்பைரி என்று கட்டுப்படுத்தி, பிரீமியத்தை முன்கூட்டியே வாங்கச் சொன்னது. வர்த்தகம் சுருங்கியது. திருத்திய மதிப்பீடு சுமார் 64,000 கோடிக்கு இறங்கியது. அந்தத் திருத்திய மதிப்பீடு வெளியான 2026 பட்ஜெட்டிலேயே விகிதம் ஏறுகிறது. ஆகவே, அரசும் தரகர்களும் சொல்லும் இரண்டு காரணங்களும் உண்மை என்பதே நேர்மையான பதில். கஷ்டம் என்னவென்றால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டும். சூதாட்டம் உண்மையிலேயே குறைந்தால் வருமானம் குறையும். வருமானம் எதிர்பார்த்தபடி வந்தால் சூதாட்டம் குறையவில்லை என்று பொருள்.

நேரடிப் பாதிப்பு இல்லை என்று முதலில் சொன்னேன். மறைமுகமாக ஒன்று உண்டு. ஆர்பிட்ரேஜ் ஃபண்டில் பணம் போட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஃபண்ட் பங்கை வாங்கி, அதே பங்கின் ஃபியூச்சர்ஸை விற்று, வித்தியாசத்தை எடுக்கிறது. மாதாமாதம் எக்ஸ்பைரிக்கு முன் பழைய ஃபியூச்சர்ஸை வாங்கி முடித்து, அடுத்த மாதத்தை விற்கும். ஒவ்வொரு முறை விற்கும்போதும் எஸ்டிடி. பன்னிரண்டு மாதமும் உருட்டினால் முன்பு 0.24%, இப்போது 0.60%. ஆண்டுக்கு 0.36% செலவு கூடும். அதில் எவ்வளவு ஃபியூச்சர்ஸ் விலையிலேயே சரியாகும், எவ்வளவு முதலீட்டாளர் தலையில் விழும் என்பது சந்தையைப் பொறுத்தது. ஃபண்ட் விற்கிறவர் பழைய ஆண்டின் வருமானத்தைக் காட்டினால் இந்த 0.36%ஐ மனசுக்குள் கழித்துப் பாருங்கள்.

வர்த்தகமே நாட்டை விட்டு ஓடிவிடும் என்ற வாதத்துக்கு எல்லோரும் காட்டும் சாட்சி சுவீடன். 1984இல் வாங்க 0.5%, விற்க 0.5% என்று தொடங்கி 1986இல் இரட்டிப்பாக்கினார்கள். பெரிய சுவீடன் பங்குகளின் வர்த்தகத்தில் பாதிக்கு மேல் லண்டனுக்குப் போய்விட்டது. 1989இல் கடன்பத்திரங்களுக்கும் நீட்டினார்கள். அந்த வர்த்தகம் முதல் வாரமே சுருண்டது. 1991இல் மொத்தமாகக் கைவிட்டார்கள். ஆனால் பிரிட்டன் பங்கு வாங்குவதற்கு 0.5% ஸ்டாம்ப் வரியைப் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கிறது, லண்டன் சந்தை செத்துவிடவில்லை. வித்தியாசம் எங்கே? சுவீடன், வரியைத் தன் நாட்டுத் தரகர் மேல் போட்டது. வெளிநாட்டுத் தரகர் மூலம் வாங்கினால் தப்பிக்கலாம். பிரிட்டன் பிரிட்டிஷ் பங்கின் மேல் போட்டது. உலகில் எங்கிருந்து வாங்கினாலும் உரிமை மாறினால் வரி உண்டு. நம் எஸ்டிடி இங்குள்ள எக்ஸ்சேஞ்சுகளில் நடக்கும் வர்த்தகத்தின் மேல். நம் பங்குகள் பெரும்பாலும் இங்கேயே வர்த்தகமாவதால் இதுவரை ஓட்டம் இல்லை. ஆனால் குஜராத்தின் சர்வதேச நிதி மையமான கிஃப்ட் சிட்டியில் எஸ்டிடி கிடையாது. 2023 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து மாறி வந்த கிஃப்ட் நிஃப்டி அங்கேதான் ஓடுகிறது. இங்கே நிஃப்டி ஃபியூச்சர்ஸ் வரி ஏற ஏற, வெளிநாட்டு நிதிகளுக்கு அந்த வாசல் கவர்ச்சியாகும்.

என்ன செய்யலாம்? என் கருத்து: ஆப்ஷன்ஸ் வரியைப் பிரீமியத்திலிருந்து எடுத்து ஒப்பந்த மதிப்பின் மேல் மிகச் சிறிய விகிதமாக வையுங்கள். உதாரணத்துக்கு 0.002%. மேலே சொன்ன லாட்டுக்கு 32 ரூபாய் 50 பைசா. இரண்டு ரூபாய் ஆப்ஷனுக்கு 20 பைசா இருந்த இடத்தில் 32 ரூபாய் 50 பைசா வந்தால், 130 ரூபாய்ச் சரக்கில் கால் பங்கு வரியாகப் போகும், அந்த விளையாட்டு சுருங்கும். ஆறு மாதப் பாதுகாப்புக்காக 500 ரூபாய் பிரீமியத்தில் நடக்கும் புட் ஆப்ஷனுக்கு (விற்கும் உரிமை) இன்று 48 ரூபாய் 75 பைசா. அது 32 ரூபாய் 50 பைசாவாகக் குறையும். காப்பீடு போல வாங்குகிறவருக்கு லாபம், மணிக்கணக்கில் பந்தயம் கட்டுகிறவருக்குச் செலவு. இதில் பிசகும் வரலாம். எக்ஸ்பைரி நெருங்கும்போது மலிவான ஆப்ஷனைத் திரும்ப வாங்கவோ விற்கவோ ஆள் குறைவார்கள், விலை இடைவெளி அகலும். அதற்காகச் சில மாதம் சிறிய விகிதத்தில் ஓட்டிப் பார்த்து ஏற்றலாம். ஃபியூச்சர்ஸை 0.02%க்கே திருப்புவதுதான் நியாயம்.

கடைசியாக, உங்கள் கான்ட்ராக்ட் நோட்டில் எஸ்டிடி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க. ஒரே நாளில் ஒரு பங்கை 100 வாங்கி 40 விற்றால், அந்த 40 இன்ட்ராடே: விற்ற மதிப்பில் 0.025%. மீதி 60 டெலிவரி: வாங்கிய மதிப்பில் 0.1%. இன்று வாங்கி நாளை விற்பது டெலிவரிதான், இரண்டு நாளும் 0.1%. எஸ்டிடி முழு ரூபாயாக்கப்படும், அதன் மேல் ஜிஎஸ்டி கிடையாது. பக்கத்து வரியில் இருக்கும் ஸ்டாம்ப் டியூட்டி வேறு: 2020 ஜூலை முதல் அது வாங்குபவர் வசிக்கும் மாநிலத்துக்குப் போகிறது, மதுரையில் இருந்து வாங்கினால் தமிழ்நாட்டுக்கு. வருமான வரிக் கணக்கில் எஃப் அண்ட் ஓ, இன்ட்ராடே இரண்டும் தொழில் வருமானம் என்பதால் எஸ்டிடியைச் செலவாகக் கழிக்கலாம். டெலிவரிப் பங்கு விற்ற ஆதாயத்தில் கழிக்க முடியாது. தரகரின் ஆண்டறிக்கையில் எல்லாச் செலவும் ஒரே மொத்தமாக இருந்தால், அந்த மொத்தத்தை அப்படியே மூலதன ஆதாயத்தில் கழித்துவிடாமல், எஸ்டிடியை முதலில் தனியே பிரித்து எடுத்துவிடுங்கள்.